மூன்றாம் நடைமேடையில் துரு

ஸ்டேனி கர்வாலோவின் குரல் அவனிடம் இல்லை, ஊரில் இருந்தது. மீன் ஏலக் கூடத்தில் கொஞ்சம், மக்ரூன் கடையில் கொஞ்சம், உப்பளத்தில் கொஞ்சம், கடற்கரைத் தெரு வீடுகளில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சம் என்று தூத்துக்குடி முழுக்கச் சிதறிக் கிடந்தது. அவனுக்கு மிஞ்சியது மூச்சு மட்டும். அந்த மூச்சை வைத்துக்கொண்டே துறைமுகத்தில் வேலை பார்த்தான், கல்யாணம் செய்தான், தலை நரைத்தான். யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. கடலில் உப்பு இருக்கிறது, கர்வாலோ குரல் ஊரில் இருக்கிறது. அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு கேசட்டில் தொடங்கியது. ஸ்டேனியின் தாய்மாமன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அமெரிக்காவில் எந்நேரமும் மழை பெய்கிற ஒரு துறைமுகத்தில் இறங்கி, அங்கே பையன்கள் கேட்கிறார்கள் என்று ஒரு கேசட்டும், அங்கே பையன்கள் உடுத்துகிறார்கள் என்று கட்டம் போட்ட கம்பளிச் சட்டைகளும் வாங்கி வந்தார். கேசட்டில் இருப்பது பாட்டா, லாரி டயர் தேய்கிற சத்தமா என்று வீட்டில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோதே ஸ்டேனி முடிவெடுத்துவிட்டான். அவன் கிதாரும் பாட்டும், காயல்பட்டினத்துச் சதக்கு பேஸ் கிதார், உரக்கடை வீட்டுப் பொன்பாண்டி டிரம்ஸ் என்று மூன்று பேர் சேர்ந்தார்கள். அந்த வகைப் பாட்டுக்கு அமெரிக்காவில் கிரஞ்ச் என்று பெயராம்; சுத்தமாக வாசிக்கத் தெரிந்தவன் வேண்டுமென்றே அழுக்காக வாசிப்பது. இவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. சுத்தமாக வாசிக்க வராது.

உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் வாசித்துப் பழகினார்கள். உப்புக் காற்றில் கிதார்க் கம்பிகள் துருப்பிடித்தன, துருப்பிடித்த கம்பி உறுமியது, அந்த உறுமல் வேறு எந்த ஊர்க் கிதாரிலும் வராது என்று கண்டுகொண்டு குழுவுக்கே துரு என்று பெயர் வைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் மே மாதத்தில் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு கிதாரும் கையுமாக அவர்கள் தெருவில் போவதைப் பார்த்த ஊர், இது அந்தோனியாருக்கு ஏதோ கடுமையான நேர்ச்சை என்று முடிவு கட்டியது. வழியில் நிறுத்தி எலுமிச்சைச் சாறு கொடுத்தது. சதக்கு முஸ்லிம், பொன்பாண்டி இந்து என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். நேர்ச்சைக்கு அதெல்லாம் கிடையாது என்று ஊரே சமாதானமும் சொல்லிக்கொண்டது.

மணப்பாட்டில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்தார்கள். உலகம் நாசமாய்ப் போகட்டும் என்று ஸ்டேனி தொண்டை கிழியக் கத்திய பாட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் கைகோத்துக்கொண்டு பைலா ஆடினார்கள். நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் வாசித்தார்கள்; பையன்கள் நாற்காலிகளை உடைத்தார்கள், அதைத்தான் துருவின் பெரிய வெற்றி என்று சொல்ல வேண்டும். கம்பளிச் சட்டைக்கு நியாயம் கிடைத்த ஒரே ஊர் கொடைக்கானல். அங்கே அன்று மழை, ஆளே வரவில்லை. கிட்டங்கியிலேயே ஒரு கேசட்டும் பதிந்தார்கள். அது பெங்களூர் வரை போனதாகப் பேச்சு. பிறகு சதக்குக்குச் சவூதியில், தமாமில், வேலை வந்தது, பொன்பாண்டியை அவன் அப்பா உரக்கடைக் கல்லாவில் உட்கார வைத்தார். ஸ்டேனி இருவரிடமும் பேசுவதை நிறுத்தினான். கடைசியாக ஒரு கச்சேரி, கோயில் திருவிழாவுக்கு மறுநாள் மாலை, கடற்கரை மைதானத்தில்.

அன்று கடைசிப் பாட்டின் பெயர் ‘யாரும் வேண்டாம்’. வேண்டாம், வேண்டாம் என்று ஸ்டேனி ஏறிக்கொண்டே போனான். கடைசி வேண்டாமைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய், அதை முடிக்காமலே கிதாரைத் தலைக்கு மேல் தூக்கி மேடையில் அடித்தான். அடித்தான், அடித்தான். கழுத்து தனி, உடல் தனி, கம்பிகள் தனி என்று ஆனபிறகு, சட்டைக் கையைக் கிழித்துத் தனியாக எறிந்தான். இனி ஊர் கொந்தளிக்கும், மேடை எரியும் என்று மூச்சிரைக்க நின்றான்.

ஊர் வரிசையில் நின்றது.

அங்கே சப்பரம் இறங்கினால் அதில் சாத்தியிருந்த பூவை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் வைத்துக்கொண்டால் நல்லது. நேற்று மாதா சப்பரம், இன்று இந்தப் பையன்களுடையது. உடைத்தாயிற்று, இனிமேல் கொடுப்பான் என்று பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தள்ளுமுள்ளு இல்லாமல் வந்து கையை நீட்டினார்கள். நீட்டிய கையில் என்ன செய்ய? ஸ்டேனி கொடுத்தான். மரத்துண்டு, முறுக்காணி, கம்பி, சட்டைக் கை, உடைந்த டிரம் குச்சி, தீர்ந்தபிறகு கிழித்த டிக்கெட்டின் பாதி என்று எல்லோருக்கும் கொடுத்தான். கடைசி ஆள் போனபிறகு, “எல்லாரும் போய்த் தொலைங்க” என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்று வந்தது. மறுநாளும் காற்றுதான் வந்தது.

குரல் எங்கே என்பது மறுநாள் விடியலிலேயே தெரிந்துவிட்டது. மீன் ஏலம் விடும் எஸ்கலினுக்குக் கிடைத்தது கிதாரின் தலை. ஏலக் கூடத்தில் ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். முதல் வள்ளம் கரை தட்டியதும் அது “வேண்டாஆஆம்” என்று ஒரு கத்து கத்தியது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், கர்வாலோ மகன் குரல் என்று அடையாளம் கண்டார்கள், சீலா மீனுக்கு விலை கேட்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து அது கத்தினால்தான் ஏலம் தொடங்கும். மக்ரூன் போடும் தர்மசீலனிடம் இருந்தது ஒரு கம்பி. முட்டை வெள்ளைக்கருவை அடிக்கும்போது பக்கத்தில் அது உறுமும். உறுமல் நின்றால் நுரை பக்குவம். உப்பளத்தில் மாடத்தியிடம் சட்டைக் கை. அந்த மாலை அதை நனைத்த வியர்வை பிறகு காயவே இல்லை. தலையில் கட்டிக்கொண்டால் பங்குனி வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும், அவ்வப்போது காதோரம் “வேண்டாம்” என்று முனகும். “சரில, வேண்டாம்னா விடு” என்று சொல்லிவிட்டு அவள் உப்பு வாருவாள். டிக்கெட்டுகளைத் தொட்டில் கம்பில் கட்டினார்கள். கடற்கரைத் தெருவில் பிறந்த பிள்ளைகள் அந்த உறுமலில்தான் உறங்கின. யாராவது மெல்லிய குரலில் ஆராரோ என்று ஆரம்பித்தால் வீறிட்டு அழுதன.

பங்குச் சாமியார் ததேயுவிடம் போய்க் கேட்டார்கள். அவர் ஒரு மரத்துண்டைக் காதருகில் வைத்து நன்றாகக் கேட்டுவிட்டு, “மாதா செஞ்ச புதுமையும் இல்ல, பேயும் இல்ல, சத்தம்” என்றார். “சத்தத்துக்கு என்கிட்ட மருந்து கிடையாது. பூசை நேரத்துல பேசாம இருக்கச் சொல்லுங்க.” அவை அப்படியே இருந்தன. பூசை நேரத்தில் எதுவும் கத்தவில்லை.

குரல் இல்லாதவனுக்குத் துறைமுகத்தில் ஒரு நல்ல வேலை இருந்தது. கப்பலின் மேல்தட்டில் நின்று கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கையால் சைகை காட்டுவது. அங்கே எவன் கத்தினாலும் கேட்காது, கைதான் பேச்சு. உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் நிறுத்து. விரல்களைக் கீழே தழைத்து அலைய விட்டால் மெல்ல இறக்கு. ஸ்டேனி கையைக் காட்டினால் எத்தனை டன் சுமையும் இலவம் பஞ்சு மாதிரி வந்து உட்காரும். அண்ணன் வேலை பார்த்த கப்பலைப் பார்க்க மணப்பாட்டிலிருந்து வந்த ஜெசிந்தா, அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தாள். சுமை இறங்கிய பிறகும் அவன் அவளைப் பார்த்து மெல்ல இறக்கு, மெல்ல இறக்கு என்று காட்டிக்கொண்டே இருந்தான். அவள் சிரித்தாள். கல்யாணம் நடந்தது.

ஜெசிந்தாவின் குரலும் ஊருக்குத் தெரியும். பழைய பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்வது அவள்தான். திருச்செந்தூர் வண்டி எங்கே நிற்கும், நாகர்கோவில் வண்டி எப்போது கிளம்பும் என்று அவள் ஒலிபெருக்கியில் சொன்னால் மூட்டை முடிச்சோடு ஊரே அந்தப் பக்கம் திரும்பும். அவள் சொல்லி யாரும் வண்டியைத் தவறவிட்டதில்லை. ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிறவளை அவள் வீட்டுக்காரன் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவனுக்குக் கை தட்டத் தெரியும், தட்டில் கரண்டியால் தட்டத் தெரியும், பக்கத்தில் வந்து மூச்சால் பேசத் தெரியும். அடுத்த அறையிலிருந்து “ஜெசிந்தா” என்று ஒரு சத்தம் வந்ததில்லை.

இதை அவள் சும்மா விடவில்லை. விடியலில் காற்று ஏலக் கூடத்துப் பக்கமிருந்து அடித்தால் அந்த “வேண்டாஆஆம்” வீட்டுக்குள் வரும். அடுப்படியிலிருந்து அவள் சொல்வாள்: “காப்பி வேண்டாமா? சரி, விடுங்க.” ஸ்டேனி ஓடி வந்து, வேண்டும் வேண்டும் என்று கையாட்டுவான்.

“மத்தியானம் மாடத்தி தலையில, காலையில எஸ்கலின் ஆணியில. ஊருல உள்ள பொம்பளைக்கெல்லாம் என் வீட்டுக்காரர் குரல் இருக்கு. எனக்கு மட்டும் வெறும் காத்து” என்பாள்.

அதற்கு ஸ்டேனிக்கு ஒரு பதில் உண்டு. கிதார் முழுசாக இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று காணாமல் போய்விட்டது. அதை வாங்கிய குடும்பம் ஊரைவிட்டே போயிற்று. அது இல்லாமல் மற்றதைச் சேர்த்து என்ன பயன் என்று மூச்சால் சொல்வான். நல்ல பதில். வருஷக்கணக்காக அதை வைத்தே ஓட்டினான்.

அந்தக் குமிழோடு நோயல் பின்டோ வந்து சேர்ந்தான்.

பெங்களூர்க்காரன். மங்களூர்ப் பூர்வீகம், பெருத்த உடம்பு, பிடரியில் குடுமி. ராக் கச்சேரிகளில் மிஞ்சியதையெல்லாம் சேர்த்து, ஒரு கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வைத்திருக்கிறவன். எந்த நாட்டு டிரம்மரோ துடைத்துப் போட்ட துண்டு, எவனோ கடித்துத் துப்பிய, கிதார் மீட்டும் வில்லை, மேடையில் கழற்றி எறிந்த ஒற்றைக் காலுறை என்று எல்லாவற்றுக்கும் கீழே பெயர் எழுதி, மேலே விளக்குப் போட்டு வைத்திருந்தான். கல்லூரியில் படிக்கும்போது துருவின் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன். அண்டை வீட்டுத் தூத்துக்குடிக்காரர்கள் வீடு மாற்றும்போது அந்தக் குமிழைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கண்ணாடிப் பெட்டியில் அது ஊமையாகத்தான் கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினான். தூத்துக்குடிக்கு முந்தின நிலையமான மீளவிட்டான் தாண்டியதும் பரிசோதகர் வந்து டிக்கெட்டைக் கேட்டார். சட்டைப் பை “வேண்டாம்” என்று உறுமியது. பரிசோதகர் தூத்துக்குடிக்காரர். “கர்வாலோ சாமானா, சரி, டிக்கெட்ட எடுங்க” என்றார்.

மற்றத் துண்டுகளை விலைக்குக் கேட்டு வீடு வீடாகப் போனான். யாரும் எதையும் விற்கவில்லை. எஸ்கலினிடம் போய் நின்றான்.

“அக்கா, நான் இத கண்ணாடிக்குள்ள வெப்பேன். கீழ உங்க பேர் போடுவேன். மேல லைட்டு.”

“லைட்டு போட்டா மீன் விக்குமால?”

“இல்ல, இது சரித்திரம் அக்கா.”

“இருக்கட்டும். காலைல ஏலத்த யாரு தொறப்பா? நீ வந்து கத்துவியா?”

நோயல் நல்லவன். மறுநாள் காலை கிதார்த் தலையை ஒரு சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். ஒரு பூனை மட்டும் திரும்பிப் பார்த்தது. வியாபாரிகள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் எஸ்கலின் சாக்கை அவிழ்த்தாள், தலை கத்தியது, ஏலம் தொடங்கியது. நோயலுக்கு ஒரு சீலா மீனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, “தொண்டைக்கு நல்லது, குழம்பு வச்சுச் சாப்பிடு” என்று அனுப்பினாள்.

அவன் மீனும் குமிழுமாக ஸ்டேனி வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தவள் ஜெசிந்தா. குமிழ் அவன் உள்ளங்கையில் உறுமியது. அவள் அதைப் பார்த்தாள், உள்ளே நாற்காலியில் இருந்த புருஷனைப் பார்த்தாள்.

“காணாமப் போன சாமான் வந்துட்டு” என்றாள்.

ஸ்டேனி உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நிறுத்து.

“எதுக்கு நிறுத்தணும்? குமிழ் இல்லன்னுதான சொன்னிய? இந்தா இருக்கு. இப்ப என்ன இல்ல?”

அவன் எழுந்து வந்து அவள் காதோரம் மூச்சால் சொன்னான். “அது இத்தன வருசமா ஒரே வார்த்தையத்தான் சொல்லிட்டிருக்கு. அதுக்கு வேற எதுவும் தெரியாது. நான் உன் மூஞ்சப் பாத்து வாயத் தொறந்து, அந்த வார்த்தை வந்துட்டா?”

ஜெசிந்தா நோயலிடமிருந்து மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சட்டியில் புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்: “வந்தா வரட்டும். அதையாவது என்கிட்டச் சொல்லுங்க. ஊருகிட்டச் சொல்லாதிய.”

ஊரில் அதற்குள் பேச்சு பரவிவிட்டது. மக்ரூன் கடை வாசலில் கூடினார்கள். சாமானையெல்லாம் சேர்த்தால் குரல் தொண்டைக்குள் போய்விடும். போனது திரும்பி வருமா? ஏலத்தை யார் திறப்பது, பிள்ளைகள் எப்படி உறங்குவது, நுரைப் பக்குவம் யார் சொல்வது?

“குரல் அவனோடதுதான், நான் இல்லங்கல” என்றான் தர்மசீலன். “ஆனா கொடுத்தது கொடுத்ததுதான? சப்பரப் பூவத் திருப்பிக் கேப்பாவளா?”

“அவன் எங்கடே கேட்டான்?” என்றார் பொன்பாண்டி. உரக்கடைக்காரர், வயிறு பெருத்து, மூட்டு வலியோடு இருந்தார். “அவன் சாகுற வரைக்கும் கேக்க மாட்டான். என்கிட்டயே இத்தன வருசமா பேசல.”

“பேசறதுக்கு அவன்கிட்டக் குரல் இல்லையே, அண்ணாச்சி” என்றாள் மாடத்தி.

பொன்பாண்டி அதை யோசித்ததே இல்லை போலிருந்தது. வாயில் வைத்த மக்ரூன் அப்படியே நின்றது.

மறுநாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டு, அலுவலகம் விட்டு, உப்பளம் விட்டு ஊர் முழுக்கப் பேருந்து நிலையத்தில் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில், ஒலிபெருக்கி ஒரு தடவை இருமிவிட்டுப் பேசியது. அதே குரல், அதே சுதி, ஒரு எழுத்து பிசகாத அறிவிப்புத் தமிழ்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துரு இசைக்குழுவின் பொருள்களை வீட்டில் வைத்திருப்போர் அவற்றை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை மூன்றாம் நடைமேடைக்கு வரவும். அறிவிப்பாளரின் கணவர் அறிவிப்பாளரை இதுநாள் வரை பெயர் சொல்லி அழைத்ததில்லை. பொருள்கள் இரவல் மட்டுமே, உரியவரிடம் திருப்பி ஒப்படைக்கப்படும். திருச்செந்தூர் செல்லும் பேருந்து இரண்டாம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது.”

அவள் சொன்னால் ஊர் திரும்பும். எத்தனையோ வருஷமாக அந்தக் குரல் எந்தப் பக்கம் சொன்னதோ அந்தப் பக்கம் போய்த்தான் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை மூன்றாம் நடைமேடையில் நின்ற வண்டிகளை ஓட்டுநர்களே பின்னால் எடுத்து வேறிடத்தில் நிறுத்தினார்கள். ஊர் வந்தது. மரத்துண்டைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு, கம்பியை எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொண்டு, தொட்டிலிலிருந்து டிக்கெட்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தது. அன்று வாங்கிக்கொண்டு போன அதே வரிசையில், முக்காடு போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இன்று கொடுக்க வந்தது. எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தபோது உறுமலில் பயணிகள் நிழற்குடையின் தகரம் அதிர்ந்தது.

நோயல் பசை டப்பாவைத் திறந்தான். எஸ்கலின் அதைப் பிடுங்கி மூடினாள்.

“ஒட்டப்படாது. கட்டு. திங்கக்கிழம காலையில எனக்கு வேணும்.”

மீன் வலைக்கு முடிச்சுப் போடும் நைலான் நூலால் அவளே கட்டினாள். கழுத்தை உடலோடு, தலையைக் கழுத்தோடு, இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டாள். தர்மசீலன் கம்பியை மாட்டினான், மாடத்தி ஈரச் சட்டைக் கையைக் கிதாரின் தோள்பட்டியாக முறுக்கிக் கொடுத்தாள். டிரம்ஸ் இல்லாததால் பொன்பாண்டி இரண்டு உர டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு, மூட்டு வலிக்க வலிக்கக் கீழே உட்கார்ந்தார். ஸ்டேனி அவரைப் பார்த்தான். அவர் ஸ்டேனியைப் பார்த்தார். “என்னல மக்கா, அடிக்கட்டுமா?” என்றார். ஸ்டேனி தலையாட்டினான். தமாமிலிருந்து சதக்கு கைப்பேசியில் வந்தான்; அவன் முகம் தெரிந்தது, பேஸ் கேட்கவில்லை, பரவாயில்லை என்று விட்டார்கள்.

கடைசியில் நோயல் குமிழைத் திருகி உள்ளே வைத்தான். உறுமல் சட்டென்று நின்றது.

எல்லோருக்கும் தெரிந்துபோனது, குரல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று. ஸ்டேனியின் தொண்டை ஏறி இறங்கியது. அன்று முடிக்காமல் விட்ட ஒரு மூச்சளவுதான் அது. அதற்குமேல் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. நோயல் கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கேசட்டைத் தேய்த்தவன், கேசட்டில் இல்லாத அந்தப் பாட்டின் முடிவை ஒரு தடவை கேட்டுவிட்டுச் செத்தாலும் பரவாயில்லை என்கிறவன். பொன்பாண்டி டப்பாவில் தட்டத் தொடங்கினார், அதே தாளம், யாரும் வேண்டாம் யாரும் வேண்டாம் என்று. நடைமேடைக் கோடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒலிவாங்கிக்குப் பின்னால் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. பணி நேரம்.

ஸ்டேனி அவளைப் பார்த்தபடி வாயைத் திறந்தான். வந்தது.

“வே...”

தகரம் அதிர்ந்தது. பழகிய தடத்தில் அது ஏறத் தொடங்கிவிட்டது, கிரேனின் சங்கிலி தானாக மேலே ஓடுவது மாதிரி. ஊர் மூச்சைப் பிடித்தது. கூண்டுக்குள் ஜெசிந்தா கண்ணை எடுக்கவில்லை. அப்போது ஸ்டேனியின் வலது கை, கிதாரை விட்டு, தானாக உயர்ந்தது. உள்ளங்கை விரிந்தது. நிறுத்து. குரல் நின்றது, தொண்டையின் உச்சியில், அந்தரத்தில், ஆடிக்கொண்டு. பிறகு விரல்கள் தழைந்தன. மெல்ல இறக்கு. மெல்ல. இன்னும் மெல்ல. எத்தனையோ கப்பல்களிலிருந்து எத்தனையோ சுமைகளை இறக்கிய அந்தக் கை தன் குரலை அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டு வந்தது. அது அன்றுவரை போய் நிற்காத ஓர் இடத்தில் வந்து, ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்தது.

“ஜெசிந்தாஆஆ.”

துருவேறிய குரல். கீறல் விழுந்த குரல். நீளமாக, அடுத்த அறையிலிருந்து, கடையிலிருந்து, படகிலிருந்து, எங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்கிற மாதிரி நீண்டு, மூச்சு தீரும் வரை இருந்து, தீர்ந்தது. பொன்பாண்டி தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

கூண்டுக்குள் ஜெசிந்தா மூக்கை உறிஞ்சியது ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு அவள் பேசினாள்.

“என்ன. இங்கதான இருக்கேன். எதுக்கு இந்தக் கத்து கத்துதிய.”

ஊர் சிரித்தது. அவள் இன்னொரு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு, “நாகர்கோவில் செல்லும் பேருந்து...” என்று தொடங்கினாள், பாதியில் நின்றாள், “...கொஞ்ச நேரம் கழிச்சுப் போகும்” என்றாள். அன்றுதான் முதல் தடவையாக அவள் அறிவிப்பில் நேரம் தவறியது. ஓட்டுநர் புகார் சொல்லவில்லை.

எஸ்கலின் நூலை இழுத்தாள். கிதார் பிரிந்தது. அவரவர் சாமானை அவரவர் வாங்கிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். இனி ஒன்றும் பேசாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நினைத்தும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். ஸ்டேனிக்கு மறுபடி மூச்சுதான். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெல்லக் கூண்டுப் பக்கம் நடந்தான்.

திங்கட்கிழமை விடியலில் முதல் வள்ளம் கரை தட்டியது. ஆணியில் தொங்கிய தலை வாயைத் திறந்தது.

“ஜெசிந்தாஆஆ.”

வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “சரி, சீலா என்ன விலை?” என்றார்கள். ஏலம் தொடங்கியது. மக்ரூன் கடையில் கம்பி ஜெசிந்தா ஜெசிந்தா என்று முனகி, நுரை பக்குவமானதும் நின்றது. உப்பளத்தில் மாடத்தி, காதோரம் கூப்பிட்ட சட்டைக் கையிடம், “ஏல, நான் மாடத்தி, அவ பஸ் ஸ்டாண்டுல இருப்பா” என்று சொல்லிவிட்டு உப்பு வாரினாள். அந்த வருஷத்துப் பிள்ளைகள் அந்தப் பெயரில் உறங்கின. அவற்றில் பல முதலில் பேசிய சொல் அம்மா இல்லை என்று தாய்மார் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

நோயல் குமிழை மட்டும் எடுத்துப் போனான். பாட்டின் முடிவு தெரியாமலே போனான், மாடத்தி கட்டிக் கொடுத்த ஒரு பொட்டலம் உப்போடும் தர்மசீலன் கொடுத்த மக்ரூனோடும் போனான். மீளவிட்டான் தாண்டியதும் குமிழ் அடங்கிவிடும் என்று நினைத்தான். அடங்கவில்லை. பெங்களூரில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அது அவ்வப்போது கூப்பிடுகிறது. பார்க்க வருகிறவர்கள் யார் இந்த ஜெசிந்தா, பெரிய பாடகியா என்று கேட்கிறார்கள். “அனவுன்சர்” என்று அவன் சொல்கிறான். பெட்டிக்குக் கீழே அதையே எழுதியும் வைத்திருக்கிறான்.

தூத்துக்குடிப் பழைய பேருந்து நிலையத்தில் இப்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எங்காவது ஒரு துண்டு அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. திருச்செந்தூர் செல்லும் பேருந்து இரண்டாம் நடைமேடையிலிருந்து, என்று தொடங்கியவள் நிறுத்தி, கடல் பக்கம் திரும்பி, ஒலிவாங்கியை அணைக்காமலே சொல்கிறாள்:

“இந்தா வாரேன். இருங்க. வண்டிய அனுப்பிட்டு வாரேன்.”

பயணிகள் காத்திருக்கிறார்கள்.